சனிக்கிழமை ஈக்கள்

வேலைக்கான ஆர்டர் தபாலில் வந்த அன்று நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள், மாமியார் உடனே பக்கத்து வீடுகளுக்குச் சர்க்கரை கொடுக்கக் கிளம்பிவிட்டார். அரியலூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர் வேலை. எத்தனையோ வருஷம் எழுதிப் போட்டு, நேர்காணலுக்கு அலைந்து, இனி கிடைக்காது என்று கைகழுவிய பிறகு கிடைத்த வேலை. பதினைந்து நாளில் சேர வேண்டும். நான் இருப்பது பெரம்பலூரில். நடுவில் பஸ்ஸில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் பஸ்ஸில் உட்கார என்னால் முடியாது. அழுகைக்குக் காரணம் அதுதான்.

அதற்கு இரண்டு வருஷம் முன்பு வரை அதே பஸ்ஸில்தான் தினமும் போய் வந்தேன். அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அப்போது வேலை. எனக்கு ஐந்து மாதம். டிரைவருக்குப் பின்னால் பெண்கள் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வழியில் சோளக்காட்டை ஒட்டி ஒரு நிறுத்தம் வரும். அங்கே ஆள் ஏறிக்கொண்டிருக்கும்போது அடிவயிற்றில் பிடித்துக்கொண்டது. எழுந்து பார்த்தால் சீட்டெல்லாம் ரத்தம். கண்டக்டர் பஸ்ஸை அப்படியே நிறுத்திப் போன் போட்டார். ஆம்புலன்ஸ் வந்தது, பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினோம். நான் பிழைத்தேன், குழந்தை பிழைக்கவில்லை.

உடம்பு தேறிய பிறகு மூன்று தடவை பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். மூன்று தடவையும் ஏறி உட்கார்ந்தேன். வண்டி கிளம்புவதற்குள் அடிவயிறு அதே மாதிரி சுருட்டிக்கொண்டு, வாயில் எச்சில் ஊறி, முதுகு நனைந்து, பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். டாக்டர் உடம்பில் ஒரு குறையும் இல்லை என்றார். ஆண்டிமடத்தில் இருக்கும் அம்மா தண்ணீர் மந்திரித்துக் கொண்டுவந்து தெளித்து, கையில் கறுப்புக் கயிறு கட்டிவிட்டுப் போனார். வீட்டுக்காரர் நான் போக வேண்டிய இடத்துக்கெல்லாம் பைக்கில் கொண்டுபோய் விட்டார். எல்லோரும் இதற்கு வைத்த பெயர் பயம். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். நான் எதைப் பார்த்துப் பயப்படுகிறேன் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. பஸ்ஸையா, அந்த ரோட்டையா, சோளக்காட்டையா? எனக்கே தெரியாது.

பள்ளிக்கூட வேலையை விட்டேன். உள்ளூரிலேயே ஒரு கல்லூரியில் ஆராய்ச்சிக்குப் பதிவு செய்துகொண்டு, அங்கேயே பி.எஸ்சி. மாணவர்களுக்கு வகுப்பும் எடுத்தேன். படிப்பின் மேல் ஆசை என்று வெளியில் சொன்னேன். பஸ் ஏற வேண்டாம் என்பதும் ஒரு காரணம், அதை இப்போதுதான் எழுதுகிறேன்.

என் ஆராய்ச்சி பழ ஈக்களைப் பற்றியது. வாழைப்பழம் கொஞ்சம் கனிந்தால் எங்கிருந்தோ வந்து மொய்க்குமே, எள்ளளவு ஈ, அதுதான். அந்த ஈ வாசனையைக் கற்றுக்கொள்ளும், ஞாபகமும் வைத்துக்கொள்ளும். ஒரு குழாயில் ஈக்களை விட்டு ஒரு வாசனையை ஊதுவோம், கூடவே லேசாக ஷாக் கொடுப்போம். பிறகு இன்னொரு வாசனையை ஊதுவோம், அதற்கு ஷாக் கிடையாது. எங்களிடம் இருந்த இரண்டு திரவங்களில் ஒன்று மழைக்காலத்துக் காளான் மாதிரி வாடை அடிக்கும், இன்னொன்று பூட்டியே கிடந்த மருந்து அலமாரி மாதிரி. கடைசியில் ஈக்களை இரு பக்கமும் கிளை உள்ள ஒரு குழாயின் நடுவில் விட்டு, ஒரு கிளையில் காளான், மறு கிளையில் அலமாரி என்று ஊதினால், ஷாக்கோடு வந்த வாசனை எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தை விட்டு ஈக்கள் ஓடும். ஒரே ஒரு நிமிஷப் பாடம், அதற்குள் படித்துக்கொள்ளும். என் பி.எஸ்சி. மாணவர்களுக்கு இந்தப் புத்தி இருந்திருந்தால் நான் இன்னும் இரண்டு கிலோ எடை போட்டிருப்பேன்.

இதையெல்லாம் சிவப்பு பல்பு வெளிச்சத்தில் செய்வோம். சிவப்பு ஈயின் கண்ணுக்குத் தெரியாது என்பதால், வெளிச்சத்தைப் பார்த்து ஓடியதா வாசனைக்கு ஓடியதா என்ற குழப்பம் வராது. திங்கள், புதன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள் சோதனை. திங்களும் புதனும் ஈக்கள் சொன்னபடி கேட்டன. சனிக்கிழமை மட்டும் எல்லாம் இடது பக்கம் போய் அடைந்துகொண்டன. காளானை இடது பக்கம் வைத்தாலும் இடதுதான், அலமாரியை வைத்தாலும் இடதுதான்.

மேசை சாய்ந்திருக்கிறதோ என்று கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் வாங்கிவந்து வைத்துப் பார்த்தேன். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி ஒட்டினேன். எங்கள் கைடு, சனிக்கிழமைக் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு மீதியை எழுதச் சொன்னார். எனக்கு அது ஒப்பவில்லை. ஈ பொய் சொல்லாது, நான்தான் எங்கேயோ கோட்டை விட்டிருக்கிறேன் என்று ஒரே பிடிவாதம். ஆர்டர் வந்தபோது இந்தச் சிக்கல் அப்படியே இருந்தது. வேலைக்குப் போக முடியாவிட்டால் இந்த ஈக்களையாவது ஒழுங்காக முடிப்போம் என்ற ஆத்திரமும் சேர்ந்துகொள்ள, சனிக்கிழமைக்கு முந்தைய நாள் லேப்பில் என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிட முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை காலையில் எனக்குக் கீழ்த்தளத்தில் வகுப்பு இருந்ததால் மதியத்துக்கு மேல்தான் லேப்புக்கே போவேன். அந்த வாரம் வகுப்பை வேறொருவரிடம் தள்ளிவிட்டு எட்டு மணிக்கே மாடியேறினேன்.

லேப்பில் உதவிக்கு ஓர் அக்கா உண்டு. ரஞ்சன்குடியிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வருவார். பாட்டில் கழுவுவது, மக்காச்சோள மாவும் வெல்லமும் கடல்பாசியும் சேர்த்து ஈக்களுக்குச் சாப்பாடு காய்ச்சுவது எல்லாம் அவர் வேலை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், ஆனாலும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

நான் கதவைத் திறந்தேன். உள்ளே புகை. என் குழாய்க்கு இடது பக்கம் ஒரு தட்டில் வாழைப்பழம், அதில் குத்திவைத்த ஊதுபத்தி இரண்டு எரிந்துகொண்டிருந்தன. ஷாக் கொடுக்கும் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம். அதைப் பார்த்துச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அடிவயிறு சுருட்டியது. வாயில் எச்சில் ஊறியது. முதுகு நனைந்தது. கையில் கிடைத்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா தண்ணீர் கொண்டுவர ஓடினார். நான் சுற்றிப் பார்த்தேன். ரோடு இல்லை, சோளக்காடு இல்லை, பஸ் இல்லை. நான் படித்த, நான் வேலை செய்கிற அறை. இங்கே எதற்கு எனக்கு இது வருகிறது என்று யோசித்தபோதுதான் அந்தக் காலை ஞாபகம் வந்தது. வண்டியை எடுப்பதற்கு முன் டிரைவர் சாமி படத்துக்கு முன்னால் ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தார். எல்லா டிரைவரும் வைப்பதுதான். முதல் சீட்டில் இருந்த எனக்கு வழி முழுக்க அந்த வாசம்தான். அக்காவிடம் பத்திப் பெட்டியைக் கேட்டு வாங்கி முகர்ந்தேன். மல்லிகையும் வேறு ஏதோ இனிப்பும் கலந்த அதே வாசம், எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் மலிவான பத்தி. என் வீட்டில் ஊதுபத்தி கொளுத்துவதையே நான் நிறுத்தி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சாம்பல் விழுகிறது, அலமாரி அழுக்காகிறது என்று மாமியாரிடம் காரணம் சொல்லியிருந்தேன். நானும் அதை நம்பியிருந்தேன்.

ஈக்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள் நான். என் மூக்குக்கும் வயிற்றுக்கும் ஒரே காலையில் யாரோ பாடம் எடுத்துவிட்டுப் போனதைக் கண்டுபிடிக்க இரண்டு வருஷம் ஆனது. என் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை.

கோபம் அடங்கியதும் ஈக்களின் கதை எனக்குப் பிடிபட்டது. வாரத்துக்கு ஒரு முறை சாப்பாட்டை மாற்றுங்கள் என்று மட்டும்தான் நான் அக்காவிடம் சொல்லியிருந்தேன், கிழமை சொல்லவில்லை. புதுச் சாப்பாடு ஆயிற்றே, நல்ல நாளில் போடுவோம் என்று அவரே வெள்ளிக்கிழமையை வைத்துக்கொண்டார். மிஷினுக்கு ஒரு பத்தி காட்டிவிட்டு, அந்தப் புகையிலேயே, ஒரு வாரமாகக் காய்ந்துபோன சாப்பாட்டில் கிடந்த ஈக்களைப் புதுச் சாப்பாட்டுக்குத் தட்டிவிடுவார். மதியம் நான் போகும்போது புகையும் இருக்காது, துடைத்துவிட்ட பெட்டியில் குங்குமமும் இருக்காது. ஈக்களைப் பொறுத்தவரை ஊதுபத்தி வாசம் வந்தால் விருந்து. இடது பக்கக் கிளை பிளாஸ்டிக், பக்கத்திலேயே எரிந்த பத்தியின் வாசத்தை, நம் மூக்குக்கு எட்டாத அளவு, அது வாங்கி வைத்துக்கொண்டது. சனிக்கிழமை காளானாவது அலமாரியாவது, ஈக்கள் நேரே விருந்துக்குப் போயின. திங்கட்கிழமைக்குள் குழாயில் வாசமும் ஈயின் ஞாபகமும் மங்கிவிட்டிருக்கும்.

இதைக் கேட்டதும் அக்காவுக்கு முகம் வாடிவிட்டது.

“நான் சாமிக்குத்தான டீச்சர் காட்டுனேன்,” என்றார். “இந்த ஈய யாரு மோந்து பாக்கச் சொன்னா?”

அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். வேலை போய்விடுமோ என்று பயந்திருக்கிறார், அதைப் பிறகு சொன்னார்.

நினைத்தது சரிதானா என்று சோதித்துப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. பத்தியையே பார்க்காமல் வளர்ந்த ஈக்களைப் பக்கத்துத் துறையிலிருந்து ஒரு பாட்டில் கடன் வாங்கினேன். ஒரு கிளையில் மட்டும் ஊதுபத்திப் புகை காட்டி, அந்த ஈக்களை விட்டேன். புகை பட்ட பக்கத்திலிருந்து அவை அலறி அடித்துக்கொண்டு ஓடின. அக்கா சாப்பாடு போட்டு வளர்த்த ஈக்களை விட்டேன். புகை பட்ட பக்கத்துக்கே போயின. வாசம் ஒன்றுதான், ஈயும் ஒரே ஜாதி ஈதான். கூட எது வந்தது என்பதில்தான் எல்லாம் இருந்தது. சிவப்பு பல்புக்குக் கீழே அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, அரியலூர் வேலையை நான் விடப்போவதில்லை என்று தோன்றியது.

பதினைந்து நாளில் பன்னிரண்டு மீதி இருந்தது. என்ன செய்ய வேண்டும் என்பது நான் மாணவர்களுக்கு நடத்திய பாடத்திலேயே இருந்தது. ஷாக்குக்குப் பயந்த ஈக்கு அதே வாசனையை ஷாக் இல்லாமல் திரும்பத் திரும்பக் கொடுத்தால் ஓடுவது குறையும். ஒரேயடியாகக் கொடுப்பதைவிட விட்டு விட்டுக் கற்றுக்கொடுத்த பாடம்தான் ஈயிடம் அதிக நாள் நிற்கும். ஈக்கு ஆனது எனக்கும் ஆகும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எனக்கு வேறு வழியும் இல்லை. வீட்டுக்காரருக்கு வேலை பாடாலூரில் ஒரு பெட்ரோல் பங்கில், விடியற்காலையிலேயே எதிர்த்திசையில் கிளம்பிவிடுவார். பெரம்பலூரில் ரயிலே கிடையாது. சிமெண்ட் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டி ஓட்டும் அளவுக்கு நான் தைரியசாலியும் இல்லை.

அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். குழந்தை போனதை அந்தக் கல்லூரியில் நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் நேரே போய்ப் பத்தியை எடுத்துவந்தார். முதல் நாள் பாதிகூட எரியவில்லை, பாத்ரூமுக்கு ஓடினேன். கால் மணி நேரம் கழித்து மறுபடி கொளுத்தினார். மறுபடி ஓடினேன். மூன்றாவது தடவை கேண்டீனிலிருந்து சூடாக இரண்டு வடை வாங்கிவந்து என் முன்னால் வைத்துவிட்டுக் கொளுத்தினார். ஈக்குப் புதுச் சாப்பாடு, டீச்சருக்கு வடையா என்று கேட்டேன். கேலியை எல்லாம் காதில் வாங்காமல், பஸ்ஸில் சீட்டுக்கு நடக்கும் சண்டைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எட்டாவது நாள் ஒரு பத்தி முழுக்க எரிந்து முடிந்தது. அந்த நேரத்தில் நான் ஒரு கட்டு விடைத்தாள் திருத்தியிருந்தேன். எல்லோருக்கும் கொஞ்சம் தாராளமாகவே மார்க் போட்டுவிட்டேன் என்று நினைக்கிறேன்.

அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் எதையோ தொலைத்துவிட்டு வந்தவள் மாதிரி ஆகிவிட்டது. எதை என்று பிறகு புரிந்தது. அந்தக் குழந்தைக்கு ஒரு போட்டோ கிடையாது. பெயர் கிடையாது. ஐந்து மாதத்தில் யாரும் சட்டை வாங்கி வைக்கவில்லை, வாங்கக் கூடாது என்பார்கள். அது இருந்தது என்பதற்கு என்னிடம் மிச்சம் இருந்ததெல்லாம் இந்த வயிற்றுப் பிடிப்பு ஒன்றுதான். அதையும் நானே வடை தின்று தின்று போக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு என்னையே பிடிக்கவில்லை. அடுத்த நாள் லேப்பில் பத்தியைக் கொளுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஈக்கள் வேலை மட்டும் பாக்கி இருந்தது. எனக்கு நடத்திக்கொண்ட அதே பாடத்தை முந்தின நாள் ஒரு கூட்டம் ஈக்களுக்கும் நடத்தியிருந்தேன். காளான் வாசனைக்குப் பயப்படப் பழக்கி, பிறகு ஷாக் இல்லாமல் திரும்பத் திரும்ப அதையே கொடுத்து, பயத்தைக் குறைத்திருந்தேன். ஓர் இரவு ஓய்வு கொடுத்து இப்போது திரும்பச் சோதிக்க வேண்டும். சிவப்பு பல்பைப் போட்டு ஈக்களை நடுவில் விட்டேன். முந்தின நாள் ஓட மறந்திருந்த ஈக்களில் ஒரு பங்கு, காளான் பக்கத்தை விட்டு மெதுவாக மறு பக்கம் போயின. பாடப்புத்தகத்தில் இது ஒரு வரிதான். பழைய ஞாபகம் அழிவதில்லை, அதன் மேல் புதிதாக ஒன்று எழுதப்படுகிறது, அடியில் பழையது அப்படியே கிடக்கிறது. அந்த வரியை நான் எத்தனையோ வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது எனக்கு விளங்கியது. ஈக்களை எண்ணுவதை நிறுத்திவிட்டு அழுதேன். பாதி அழுகையிலேயே மனசு லேசாகிவிட்டது.

அக்காவைக் கூப்பிட்டுப் பத்தியைக் கொளுத்தச் சொன்னேன்.

லேப்பில் படித்தது பஸ்ஸில் செல்லுபடியாகாமல் போகலாம் என்பதும் எனக்குத் தெரியும். பாடம் நடத்திய இடத்தோடு பாடம் ஒட்டிக்கொள்ளும். அதனால் வீட்டுக்காரர் ஷிப்ட் இல்லாத ஒரு நாள் அவரோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போய், நின்றிருந்த அரியலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, டிரைவர் பத்தி கொளுத்தும் வரை இருந்துவிட்டு இறங்கினேன். அடுத்த பஸ்ஸிலும் அப்படியே. கண்டக்டர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். மறுநாள் அவர் ஷிப்ட் முடிந்து வந்ததும் முதல் நிறுத்தம் வரை போய் இறங்கினோம். திரும்பி நடந்து வரும்போது வயிறு சும்மா இருக்கவில்லைதான், ஆனால் நான் அதோடு நடந்து வந்தேன்.

சேர வேண்டிய கடைசி நாள் வந்தது. வீட்டுக்காரர் லீவு போடுகிறேன் என்றார், நான்தான் வேண்டாம் என்றேன். தனியாக ஏறி, வேண்டுமென்றே டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தேன். பக்கத்தில் சின்ன வெங்காய மூட்டையைக் காலடியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா. டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படத்தைக் கும்பிட்டு, பத்தியைக் கொளுத்திச் செருகினார். பஸ் கிளம்பியது. டவுன் தாண்டியதும் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக எதிரே வந்தன. எண்ணினேன், எண்ணிக்கை தப்பியது, விட்டுவிட்டேன். எனக்கு இறங்க வேண்டும் போலவும் இருந்தது, வேலை வேண்டும் போலவும் இருந்தது. வேலைதான் கொஞ்சம் அதிகமாக வேண்டியிருந்தது.

சோளக்காட்டு நிறுத்தத்தில் பஸ் நின்றது. இந்த வருஷம் சோளம் ஆள் உயரம் நின்றிருந்தது. யாரோ இரண்டு பேர் ஏறினார்கள். அடிவயிற்றில் ஒரு பிடிப்பு வந்தது. நான் எழுந்திருக்கவில்லை. கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டேன். பிடிப்பு கொஞ்ச நேரம் இருந்து, தானாக விட்டது. கண்டக்டர் விசில் கொடுத்தார், பஸ் நகர்ந்தது, நான் உள்ளேயே இருந்தேன். கண்ணிலிருந்து கொட்ட ஆரம்பித்துவிட்டது, துடைக்கத் துடைக்க நிற்கவில்லை.

பக்கத்திலிருந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “பத்திப் பொகை ஒத்துக்கலையா? ஜன்னலத் தொறந்து வுடவா?” என்று கேட்டார்.

“வேணாங்க,” என்றேன். “அந்த வாசம் இருக்கட்டும்.”